செவிக்கு எட்டாத மெய்

திருக்குறளின் 42ஆம் அதிகாரம் கேள்வி. ஆண்டுதோறும் அதனை வகுப்பில் நடத்திவரும் நாம், கேட்டல் என்பது யாதென ஒரு கார் ஸ்பீக்கர் கடையிலிருந்தே கற்கத் தொடங்கினோம் என்றால் மாணவச் செல்வங்கள் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே.

நம் கார் பழையது. வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகைக்கு அத்தாவை அழைத்துச் செல்வது அதன் தலையாய பணி. வழியெல்லாம் நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் பாடல்கள் ஒலிக்கும். 2015இல் மறைந்த அப்பெருமகனாரின் கம்பீரக் குரல் இன்றும் நம் வண்டியில் வாழ்கிறது. அண்மைக் காலமாக அத்தா, "பாட்டு விளங்கவில்லை தம்பி" என்று குறைபடலானார். ஒலிபெருக்கியின் பிழையென்றே நாம் முடிவு செய்தோம்.

பிழை அதிலும் இருந்தது. கடைக்காரர் கதவின் உட்பலகையைக் கழற்றியதும், கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் விளிம்பு வெயிலிலும் ஈரத்திலும் இற்றுப்போய்ப் பொடியாக உதிர்ந்தது. ஆறரை அங்குலத்தில், பழையதைப் போன்றே 4 ஓம் அளவில் புதியதைப் பொருத்தினார். "அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பாதீர்கள் சார், தொடர்ந்து தாங்குவது ஆர்.எம்.எஸ். அளவுதான்" என்று அறிவுறுத்தினார். உயர்சுருதிக்கெனத் தனியே ட்வீட்டர் வைத்தார். முன்புற ஒலியைப் பின்புற ஒலி தின்றுவிடாதபடி விளிம்பில் இடைவெளியின்றி அடைத்தார். பாடகர் மூச்சிழுப்பதும் இப்போது கேட்டது. அகமகிழ்ந்தோம்.

வெள்ளி வந்தது. அத்தா சிறிது நேரம் கேட்டார், முகம் மலரவில்லை. ஒலியைக் கூட்டினோம். காதைப் பொத்திக்கொண்டார். "சத்தம் இருக்கிறது தம்பி, சொல்தான் இல்லை" என்றார்.

செவி மருத்துவர் பின்னர் விளக்கினார். முதுமையில் உயர்சுருதி ஒலிகளே முதலில் மங்குமாம். உயிரொலிகள் தாழ்ந்த சுருதியும் வலிமையும் உடையன. சகரம் போன்ற மெய்யொலிகள் உயர்ந்த சுருதியும் நலிந்த ஓசையும் உடையன. ஆகவே அத்தாவுக்கு உயிர் கேட்டது; மெய் கேட்கவில்லை. எழுத்திலக்கணம் கற்பிக்கும் நமக்கு இது புதுப்பாடம். "காது" என்றால் "காசா?" என்று அவர் வினவியபோதெல்லாம் பிள்ளைகளுடன் சேர்ந்து நாமும் நகைத்திருக்கிறோம். உணவு வேளையில் "என்ன சொன்னாய்?" என்று கேட்டபோதெல்லாம், "ஒன்றுமில்லை அத்தா, விடுங்கள்" என்றிருக்கிறோம். மெல்ல மெல்ல அவர் கேட்பதையே நிறுத்தினார். அந்த மௌனத்தை முதுமையின் இயல்பென்று எண்ணியிருந்தோமே! அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இன்று அத்தா செவிக்கருவி அணிகிறார். அதனுள்ளும் ஒலிவாங்கி, பெருக்கி, ஒலிபெருக்கி என மூன்றும் உண்டு. அவரவர் இழந்த சுருதியைக் கண்டறிந்து, அதனையே மிகுதியாக உயர்த்தித் தரும்படி அதனை அமைக்கின்றனர். எனினும், எதிரே அமர்ந்து, முகம் காட்டி, உரக்கக் கத்தாமல் நிறுத்திப் பேசுமாறு மருத்துவர் நம்மைப் பணித்துள்ளார். வண்டி ஓட்டுகையில் முகம் திருப்ப இயலாது. ஆதலின் பள்ளிவாசலின் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, பாட்டையும் நிறுத்திவிட்டே பேசத் தொடங்குகிறோம். சில வாரங்களாக அத்தாவே அதிகம் பேசுகிறார்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்து முதியவர் "என்ன?" என மறுமுறை வினவினால், "ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் முகம் பார்த்து மீண்டும் ஒருமுறை கூறுங்கள்.