எர்த் குழிக்கு எப்போ தண்ணி ஊத்துனீங்க?

போர்ட்டுக்குள்ளிருந்து ஊசி முனையில் அவர் சுருட்டி எடுத்தது பஞ்சு. ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் எடை மேடை அறையிலிருந்து வந்திருந்த கணினி அது. கேபினட்டின் முன்பக்கத்து யூ.எஸ்.பி. போர்ட் இரண்டும் வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. பென்டிரைவைச் செருகும் ஒவ்வொரு முறையும் வாயில் ஒட்டிய பஞ்சு இன்னும் கொஞ்சம் உள்ளே போய் இறுகியிருக்கிறது. "போர்ட்டு டெட்டுன்னு சீட்டு எழுதி ஒட்டி விட்டிருக்காங்க. டெட்டெல்லாம் இல்ல, மூச்சு முட்டிக்கிட்டு இருக்கு" என்றார் கடைக்காரர். கடை இருக்கும் தெருவே அவரை அண்ணாச்சி என்கிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அன்றிலிருந்து இந்த ஊரின் பிழைப்பில் பஞ்சு இருக்கிறது, காற்றிலும் இருக்கிறது. நூல் அறாமலிருக்க ஆலைக்குள் காற்றை ஈரப்பதமாகவே வைத்திருப்பார்கள். பருத்திக்கு ஈரத்தை வாங்கிக்கொள்ளும் குணம் உண்டு; உலர்ந்த எடையில் 8.5 சதவீதம் ஈரம் இருக்கும் என்பது பஞ்சு வணிகத்தில் ஏற்றுக்கொண்ட கணக்கு. அந்த ஈரப் பஞ்சு, 5 வோல்ட் நிற்கும் தகடுகளுக்கு நடுவே மாதக்கணக்கில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? தகட்டின் மேலிருக்கும் தங்கப் பூச்சு முடியை விட மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் செம்பு வெளியே தெரியும், அங்கே களிம்பு ஏறும். அண்ணாச்சி போர்ட்டை என்னிடம் திருப்பிக் காட்டினார். வெளிச்சத்தில் பச்சையாகத் தெரிந்தது. ஐ.பி.ஏ. என்று கடைகளில் சொல்லும் ஆல்கஹாலைத் தூரிகையில் தொட்டுத் தேய்த்தார், காற்று அடித்தார், மவுஸைச் செருகினார். அடியில் சிவப்பு வெளிச்சம் வந்தது.

அவருடைய வேலையில் பாகம் மாற்றுவது குறைவு; சந்தேகப்படுவதுதான் அதிகம். யாராவது சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் ஸ்குருடிரைவரை எடுப்பதில்லை, கேள்வி கேட்கிறார். ஒரு போர்ட்டா, எல்லாமுமா? முன்னாடி மட்டுமா, பின்னாடியுமா? அதே மவுஸை வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தீங்களா? ஆன் பண்ணினதும் பயாஸ் வரைக்கும் கீபோர்டு வேலை செய்யுதா, விண்டோஸ் வந்த பிறகு செத்துப்போகுதா? கடைசிக் கேள்விக்கு "ஆமா" என்று பதில் வந்தால் போர்ட்டின் மேல் குற்றமில்லை. டிரைவரைத்தான் விசாரிக்க வேண்டும். நிச்சயப்படுத்திக்கொள்ள லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைச் சாவிக்கொத்திலேயே மாட்டி வைத்திருக்கிறார். அதில் கணினியை எழுப்பிப் பார்ப்பார். எல்லாம் வேலை செய்தால் போர்டும் வயரும் நல்லவை.

இப்படி ஒரு குழப்பம் ஊர் முழுக்கப் பரவியதும் உண்டு. 2015-இல் இன்டெல்லின் ஆறாம் தலைமுறை போர்டுகள் வந்தன. பழைய யூ.எஸ்.பி. கட்டுப்பாட்டு முறையை அவற்றில் எடுத்துவிட்டு, புதியதை மட்டும் வைத்தார்கள். அந்தப் புதியதை விண்டோஸ் 7-க்குத் தெரியாது. புதுக் கணினியில் பழைய விண்டோஸை ஏற்ற உட்கார்ந்தால் "அடுத்து" என்று அழுத்த மவுஸும் நகராது, கீபோர்டும் பேசாது. போர்டு ஃபால்ட் என்று திருப்பி அனுப்பப் பார்த்தவர்கள் பலர். அப்போது காப்பாற்றியது வட்ட வடிவ பி.எஸ்.2 முனை கொண்ட பழைய டி.வி.எஸ். கீபோர்டு. இன்னும் மேசைக்கு அடியில் ஒன்று இருக்கிறது. விற்க மாட்டேன் என்கிறார்.

நான் இருந்தபோது ஆடிட்டர் அலுவலகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. தேதி 20. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாதத்தின் 20-ஆம் தேதிக்கு இந்தத் தெருவில் தனி மரியாதை. மாதக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகினால் ஒரு நிமிடம் தெரிகிறது, அப்புறம் காணாமல் போகிறது. அண்ணாச்சி போய், டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விண்டோஸ் அந்த போர்ட்டைத் தூங்க வைக்கும் டிக் குறியை எடுத்தார். அவ்வளவுதான். அங்கிருந்த கணக்குப் பிள்ளை கேட்டார்:

"என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல சார்."

"அப்புறம் எதுக்கு முந்நூறு ரூபா?"

சண்டையாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அண்ணாச்சியும் சிரித்துக்கொண்டே இருநூறு வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மருத்துவர் கை பிடித்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, போங்கள்" என்றாலும் காசைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். கணினிக்காரர் மட்டும் எதையாவது கழற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது.

யூ.எஸ்.பி. பிறந்தது 1996-இல். அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முன்னால் நின்றவர் பரோடாவில் படித்த அஜய் பட். அதற்கு முன் பிரிண்டருக்கு ஒரு முனை, மவுஸுக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் நான்கு வயர்களில் அடக்கினார்கள்: சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு அதன் திரும்பு வழி, வெள்ளையும் பச்சையும் செய்தி போய் வர. யூ.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர். நீல நிற 3.0 போர்ட் 900. இதற்கு மேல் எந்தக் கருவி இழுத்தாலும் சிக்கல்தான். இரு பக்கமும் திருப்பிச் செருகும்படி செய்யாமல் விட்டது செலவைக் குறைக்கத்தான் என்று பட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தச் சிக்கனத்தின் மிச்சம் அண்ணாச்சியின் டப்பாவில் கிடக்கிறது. தலைகீழாகத் திணித்து நடு நாக்கு உடைந்த போர்ட்டுகள், ஒரு கைப்பிடி.

இன்னொரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. சாதாரண யூ.எஸ்.பி. முனை குறைந்தது 1,500 முறை செருகி எடுக்கத் தாங்க வேண்டும் என்பது விதி. வீட்டுக் கணினிக்கு அது பல வருடம். டி.டி.பி. கடையில் ஒரு நாளைக்கு 30 பென்டிரைவ் வந்தால் 50 நாளில் தீர்ந்தது. அதற்கு மேல் தாங்குவதெல்லாம் தயாரித்தவரின் நல்ல மனசு. ஆகவே இந்தப் பக்கத்து டி.டி.பி. கடைகளில் போர்ட்டில் ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் வயரைச் செருகி, கழற்றாமலே விட்டிருக்கிறார்கள். தேய்வது வயரின் முனை; போர்டு தப்பித்தது. யார் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டால் யாருக்கும் ஞாபகமில்லை.

மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டிப் பக்கமிருந்து வந்த வேலை வேறு வகை. எடை இயந்திரம் பழசு. ஒன்பது ஊசி சீரியல் வயரில்தான் பேசும். கணினியோ புதுசு. இடையில் ஒரு கன்வர்ட்டர் வயர். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது என்று விண்டோஸ் 11-க்கு மாறியவர்களிடமிருந்து இந்த வயர்கள் நிறைய வருகின்றன. டிவைஸ் மேனேஜரில் அந்த வயரின் பேரே ஒரு புகாராக மாறியிருக்கும்: இந்த பி.எல்.2303 சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேட்கவும் என்று. விற்றவர் எங்கே கிடைப்பார்! சிப்பைச் செய்த நிறுவனம், பழைய சிப்பையும் அதன் போலிகளையும் புதிய டிரைவரில் ஒதுக்கிவிட்டது. எஃப்.டி.டி.ஐ. என்ற இன்னொரு நிறுவனம் 2014-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் டிரைவர், போலிச் சிப்பின் அடையாள எண்ணையே அழித்து அதை வேலைக்காகாமல் ஆக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். போலி என்று தெரியாமல் வாங்கிய தறிக்காரருக்குத் தெரிவதெல்லாம் ஒன்றுதான்: நேற்று வரை எடை காட்டியது, இன்று காட்டவில்லை.

கடையின் பின்னறையில் ஓர் இளைஞர் இருக்கிறார். உள்ளூர் பாலிடெக்னிக்கில் படித்தவர். தம்பி என்றே எல்லோரும் கூப்பிடுகிறார்கள். சிப் லெவல் வேலை அவருடையது. மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து, சிவப்பு முனையை போர்டின் தரை இணைப்பில் ஊன்றி, கறுப்பு முனையால் ஒவ்வொரு போர்ட்டின் செய்தித் தகடுகளையும் தொட்டுக்கொண்டே போனார். நல்ல போர்ட்டுகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே எண் வரும். ஒன்றில் மட்டும் சரிந்தால், ஒன்று பக்கத்திலிருக்கும் பாதுகாப்பு டயோடு ஷார்ட், அல்லது உள்ளே சிப்செட்டே போய்விட்டது. டயோடு என்றால் அரிசி நொய்யளவுப் பொருள்; எடுத்துவிட்டால் போர்ட் உயிர் பெறும். சிப்செட் என்றால் அதை மாற்றும் செலவில் வேறொரு பழைய போர்டு வாங்கிவிடலாம். 5 வோல்ட்டே வரவில்லை என்றால் பார்ப்பது பாலிஃபியூஸ். மின்சாரம் அதிகமாக ஓடிச் சூடானால் தானே வழியை அடைத்து, ஆறியதும் தானே திறக்கும் ஃபியூஸ் அது. பல முறை சுட்டது முழுசாகத் திறக்காது. மீட்டரில் 5 வோல்ட் காட்டும். ஹார்டு டிஸ்கை மாட்டினால் நான்குக்குக் கீழே விழும். "சும்மா அளந்தா எல்லாமே நல்லாத்தான் காட்டும் சார், லோடு குடுத்துப் பாக்கணும்" என்றார் தம்பி.

அவர் பைக்கில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். வழியில் ஒரு பால்கோவா கடையில் நிறுத்தி, பில் போடும் கணினியைப் பார்த்தார். அங்கே பஞ்சு, இங்கே எறும்பு. கீபோர்டைத் தட்டியதும் வரிசையாக வெளியே வந்தன. அந்த வேலை அதிக நேரம் எடுக்கவில்லை. எனக்கு ஒரு துண்டுப் பால்கோவாவும் கிடைத்தது.

நாங்கள் போக வேண்டிய இடம் கோயிலைச் சுற்றிய ரத வீதி ஒன்றிலிருந்து பிரியும் சந்தில் ஓர் இ-சேவை மையம். வாசலில் வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வூதியக்காரர் உயிரோடு இருக்கிறார் என்பதை 2014 நவம்பரிலிருந்து கைரேகை வைத்தே பதிவு செய்யலாம். கைரேகைக் கருவி கோபித்துக்கொண்டால் உயிரோடிருப்பதை நிரூபிக்க வழியில்லாமல் திண்ணையில் உட்கார வேண்டியதுதான். கருவி வரும், போகும், "அடையாளம் தெரியாத யூ.எஸ்.பி. சாதனம்" என்று திரையின் மூலையில் எழும். இரண்டு மாதத்தில் இரண்டு போர்ட் போய்விட்டது என்றார் மையத்தை நடத்தும் அக்கா. "கருவியே மட்டமா தம்பி?"

தம்பி கருவியைத் தொடவில்லை. டெஸ்டரை எடுத்து கேபினட்டின் இரும்புத் தகட்டில் வைத்தார். விளக்கு எரிந்தது. மீட்டரை எடுத்து பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தார். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் எழுபதைத் தாண்டியது. பிறகு கேட்டார்:

"அக்கா, எர்த் குழிக்கு எப்போ தண்ணி ஊத்துனீங்க?"

அக்கா சிரித்துவிட்டார். குழி எங்கே என்றே யோசிக்க வேண்டியிருந்தது. கொல்லைப்புறத்தில் பேவர் பிளாக் பதித்தபோது அதன் மேலேயே பதித்துவிட்டார்களாம். கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கிய குழி அது. காய்ந்துபோனால் மண்ணுக்கும் குழாய்க்கும் உறவு அறுந்துவிடும்.

தம்பி சொன்னதை நான் புரிந்துகொண்ட வரை எழுதுகிறேன். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இரைச்சலை வடிகட்ட இரண்டு கெபாசிட்டர்கள் உண்டு. பேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று, இரண்டும் கேபினட்டில் போய்ச் சேரும். எர்த் இருந்தால் கசிவு தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினட்டிலேயே தங்கும். ஓட்டம் மிகச் சிறியது. தொட்டால் சுள்ளென்று ஓர் எறும்புக்கடி. ஆனால் பிரிண்டர் அடுத்த அறையில் வேறொரு பாயிண்டில் ஓடுகிறது. அதன் வயரைச் செருகும் கணத்தில் இரண்டு கேபினட்டுகளுக்கும் உள்ள வித்தியாசம் யூ.எஸ்.பி. தகடுகள் வழியே பாயும். 5 வோல்ட்டுக்கும் குறைவாகப் பேசிப் பழகிய சிப்புக்கு அது போதும். இதோடு, கருவியை வாடிக்கையாளர் பக்கம் நகர்த்த எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தார்கள். 2.0 வயர் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மெல்லிய மலிவு வயரில் அதற்கு முன்பே வோல்ட் வழியில் கரைந்துவிடும்.

எலக்ட்ரீசியனை வரவழைத்து, இரண்டு கற்களைப் பெயர்த்து, நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். துருப்பிடித்த கிளாம்பை மாற்றினார்கள். மீட்டரில் எண் மளமளவென்று இறங்கியது. டெட்டான போர்ட்டுகளுக்குப் பதிலாகத் தம்பி போர்டின் காலி ஸ்லாட்டில் ஒரு யூ.எஸ்.பி. கார்டைப் பொருத்தினார். கருவியை நீண்ட வயரிலிருந்து கழற்றி நேராகச் செருகினார். முதலில் உட்கார்ந்திருந்த பெரியவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வைத்தார். மூன்றாவது முயற்சியில் ஏற்றது. முதல் இரண்டுக்கும் காரணம் யூ.எஸ்.பி. இல்லை, வயல் வேலையில் தேய்ந்த ரேகை.

தம்பி பில் எழுதினார். யூ.எஸ்.பி. கார்டு ஒன்று, யூ.எஸ்.பி. கேபிள் ஒன்று. கேபிள் எங்கே போட்டீர்கள் என்று வெளியே வந்து கேட்டேன்.

"போடல சார், குடுத்துட்டு வந்திருக்கேன். எர்த்து இல்லேன்னு கண்டுபிடிச்சதுக்கு பில்லுல எந்த வரியில எழுத? கேபிள்னா யாரும் கேக்க மாட்டாங்க. அறுபது ரூபா கேபிள், மிச்சம் நம்ம கூலி."

அக்கா அந்தக் கேபிளைக் கவரோடு மேசை டிராயரில் போட்டதை நான் பார்த்திருந்தேன். உள்ளே ஏற்கெனவே இரண்டு இருந்தன, கவர் பிரிக்காமல்.