முதல் மணி

குரோம்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ரயிலடி எத்தனை நிமிஷ நடை?" என்பதுதான். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் சென்னை அந்தத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டே தென்மேற்காக நீண்டது. சீசன் டிக்கெட்டோடு நகரத்துக்குப் போய்வந்த என் தந்தையைப் போன்ற எழுத்தர்களுக்காக நிலையங்களைச் சுற்றி மனைகள் பிரிக்கப்பட்டன. மாம்பலம் நிலையத்தில் இறங்கும் கூட்டம் இல்லையென்றால் ரங்கநாதன் தெரு இத்தனை பெரிய கடைத்தெருவாகியிருக்குமா என்பது ஐயமே.

வழி முன்னே, குடி பின்னே. இந்த வரிசை தலைகீழானால் என்னவாகும் என்பதை ஒரு மாணவியால் அறிந்தேன்.

முதல் மணி வகுப்புக்கு அவள் பெரும்பாலும் தாமதமாகவே வருவாள். "பஸ்ல ஏற முடியலை ஐயா" என்பாள். சாக்கு என்றெண்ணிப் பதிவேட்டில் வராதவளாகக் குறித்துவிடுவேன். பருவ இறுதியில், வருகை குறைந்ததால் தேர்வெழுதத் தகுதியற்றோர் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. கையொப்பமிட்டேன். அவள் முகவரியைப் பார்த்தது அதற்குப் பின்னர்தான். கண்ணகி நகர்.

நகரின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்தவர்களை அகற்றி, 2000ஆம் ஆண்டிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையருகே குடியமர்த்திய இடம் அது. அவர்களுக்கு முன்பாக அங்கே ரயில் போகவில்லை. பலருடைய பிழைப்போ விட்டுவந்த நகரத்திலேயே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு அங்கே போய் நின்றேன். வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள், கட்டட வேலையாட்கள், சீருடைப் பிள்ளைகள். நிரம்பியிருந்த இரண்டு பேருந்துகளில் என்னால் ஏற முடியவில்லை. மூன்றாவதில் படிக்கட்டில் இடம் கிடைத்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. "அது பெரிய உதவிதான் சார். ஆனா இங்க நிக்கிற நேரத்த யாரு குடுப்பா?" என்றார் பக்கத்திலிருந்த அம்மாள்.

சிலப்பதிகாரத்தை இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். கண்ணகி அரசவையில் தன் வழக்கைக் கேட்கச் செய்தவள். அவள் பெயர் தாங்கிய குடியிருப்பிலிருந்து வந்த ஒருத்தி நாள்தோறும் என் வகுப்பு வாசலில் நின்று சொன்னதை நான் கேட்கவேயில்லை.

அடுத்த பருவத்தில் அவள் வரவில்லை. இப்போதெல்லாம் முதல் மணியின் வருகையை வகுப்பு முடியும்போது எடுக்கிறேன். அவளுக்கு அது உதவப்போவதில்லை.