மூன்று மாதக் கணக்கு

சீனி பார்க்க இரத்தம் கொடுக்கும் நாள் நெருங்கினால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? என் உம்மா செய்ததைச் சொல்கிறேன்.

கிளினிக்குக்கு மூன்று நாள் முன்பிருந்தே உம்மாவின் சோறு பாதியாகிவிடும். தொதல், வட்டிலப்பம் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். மற்ற நாட்களில் மறந்துபோகும் குளிசைகளை அந்த மூன்று நாளும் நேரம் தவறாமல் போடுவார். றிப்போர்ட்டில் 118 என்று வரும். "பார்த்தியா மகள், எனக்கு ஒன்றுமில்லை" என்பார். நானும் மகிழ்ந்துபோவேன்.

ஆனால், செருப்புக் கடித்த ஒரு சிறு புண் ஆறு வாரமாகியும் ஆறவில்லை. அதைக் கண்ட வைத்தியர் எச்பிஏ1சி என்ற வேறொரு இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். முடிவு 9.4 சதவீதம். நீரிழிவுள்ள பலருக்கு அது 7க்குக் கீழே இருப்பதே நல்லதாம். உம்மா வாயடைத்துப் போனார்.

ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் மச்சியின் மகள்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தம் அந்த வேளையின் சீனியை மாத்திரமே சொல்லும். அந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த திரவத்தில் நொதியங்களைச் சேர்க்கும்போது இளஞ்சிவப்பு நிறம் உண்டாகும். சீனி கூடக்கூட நிறமும் கூடும். அதனூடாக ஒளியைச் செலுத்திக் கருவி அளவைக் கணிக்கும். குழாய்க்குள்ளும் இரத்தக் கலங்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்குமாம். அதைத் தடுக்கத்தான் சாம்பல்நிற மூடியுள்ள குழாயில் புளோரைட்டு இடுகிறார்கள்.

எச்பிஏ1சி அப்படியல்ல. நமது செங்குழியங்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன. அவற்றிலுள்ள ஈமோகுளோபினில் ஒட்டிய சீனி, அந்தக் குழியம் அழியும்வரை விலகாது. ஆகவே கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கு அதில் எழுதப்பட்டிருக்கும். மூன்று நாள் பத்தியத்தால் அதை அழிக்க முடியாது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மூன்று நாளும் அரைச் சோறு பரிமாறியவள் நான்தானே! உம்மா வைத்தியரை ஏமாற்ற நினைக்கவில்லை. ஏச்சு வாங்கப் பயந்தார். அந்தப் பயத்துக்கு நானும் துணைபோனேன். நல்ல றிப்போர்ட்டைப் பார்த்து வைத்தியர் மருந்தை மாற்றாமலே விட்டிருந்தார். அதற்கான விலையை அந்தக் கால் கொடுத்தது.

இப்போது குளிசை போட்டதும் கலண்டரில் அடையாளமிடுகிறோம். தவறிய நாட்களையும் வைத்தியரிடம் மறைப்பதில்லை. அடுத்த பரிசோதனையில் 7.6 வந்தது. புண்ணும் ஆறிவிட்டது.

சகோதரிகளே, இரத்தம் கொடுக்கும் முன் எட்டு மணித்தியாலம் சாப்பிடாதிருங்கள். பிளேன்டீயும் வேண்டாம், வெறும் தண்ணீர் குடிக்கலாம். ஆனால் அதற்கு முந்திய நாட்களில் வழமைபோலவே உண்ணுங்கள். பரிசோதனை நாம் சித்தியடைய வேண்டிய சோதனையல்ல. நம் உடல் வைத்தியரிடம் உண்மையைச் சொல்ல அதற்குக் கிடைக்கும் ஒரு சந்தர்ப்பம். அதன் வாயை நாமே பொத்தலாமா?