ஏறினால் போதுமா? இறங்கவும் வேண்டும்!



நம்ம மணமேல்குடியில் கடலைப் பார்க்காதவர் யாரும் இல்லை. ஆனால் பாய் கட்டிய படகில் ஒரே ஒரு கயிறு சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். படகில் நிற்பது பாய்மரம். பாயைத் தாங்கும் குறுக்கு மரம் பருமல். பருமலைத் தூக்கி இறக்கும் கயிறு ஆஞ்சான். அது பாய்மர உச்சியில் உள்ள கப்பி வழியாக ஓடும். பாயின் கீழ் முனையைப் பிடித்துக் காற்றுக்குத் தக்கபடி இழுக்கும் கயிறு தாமான்.

"இப்போ எல்லாரும் எஞ்சின் வச்சிருக்காங்களே, பாய் எதுக்கு?" என்று கேட்பீர்கள். நம் கரையோரம் ஆழம் குறைவு, கடற்புல் அதிகம். அந்தப் புல்லைத் தின்னும் கடற்பசுக்களுக்காகத்தான் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் பாதுகாப்பகமாக அறிவித்தது. புல் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். பாய்க்கு அந்தத் தொல்லை இல்லை, எண்ணெய்ச் செலவும் இல்லை. அதனால் எங்க தாத்தா தன் சின்ன வத்தையில் இன்னும் பாய்தான் கட்டுகிறார்.

போன ஆடி மாதம் தாத்தாவும் சித்தப்பாவும் கடலில் இருந்தபோது, சாயங்காலம் மேற்கே வானம் கருத்துவிட்டது. கச்சான் காற்று எழும்பினால் நம் கரையிலிருந்து படகைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். கிழக்கே 1974-இல் இந்தியாவும் இலங்கையும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று நம்ம ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை! பாயை இறக்கப் பார்த்தால் ஆஞ்சான் அசையவே இல்லை. சித்தப்பா தொங்கிப் பார்த்தும் பலனில்லை. தாத்தா தாமானை அவிழ்த்துவிட்டார். பாய் படபடவென்று அடித்தது. பிறகு கம்பு நுனியில் அரிவாளைக் கட்டி, பருமலுக்கு மேலே கயிற்றை அறுத்தார். பாய் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. காற்று தணிந்த பிறகு கம்பும் துடுப்பும் போட்டு, நடு ராத்திரி கரை சேர்ந்தார்கள். அதுவரை அம்மாவும் அப்பாயியும் நானும் கரையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் அம்மா, "மாமா, இனி அந்தப் பாயே வேணாம்" என்றார். தாத்தா, "பாய் மேல என்னம்மா குத்தம்? எங்க சிக்குச்சுன்னு பாப்போம்" என்றார்.

எங்கே சிக்கியது என்று கண்டுபிடிக்க அவர் செய்த சோதனை எனக்குப் பிடித்திருந்தது. கயிற்றை மறுபடி மாட்டி, மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை அதில் கட்டினார். "ஆத்தா, முள்ளு எதுல நிக்குதுன்னு சொல்லு" என்று என்னைப் பார்க்கச் சொன்னார். பாயும் பருமலும் 12 கிலோதான். ஆனால் தூக்குவதற்கு 27 கிலோ இழுக்க வேண்டியிருந்தது! பருமலைக் கழற்றிவிட்டு அதே எடைக்கு மணல் மூட்டையைக் கட்டி இழுத்தோம். அப்போதும் ஏறக்குறைய அதே அளவு. ஆகவே கோளாறு பருமலில் இல்லை, உச்சியில்தான்.

பாய்மரத்தைப் பிடுங்கி மணலில் படுக்க வைத்துப் பார்த்தோம். கப்பியின் இரும்பு அச்சு துருப்பிடித்து, கட்டைச் சக்கரம் சுற்றாமல் நின்றிருந்தது. முன்பு போட்டிருந்தது தடித்த தேங்காய் நார்க் கயிறு. அதற்குப் பதில் மெல்லிய நைலான் கயிறு வந்ததும், அது சக்கரத்துக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே உள்ள சந்தில் நழுவி ஆப்பு மாதிரி இறுகியிருக்கிறது.

ஆசாரி மாமா வைரம் பாய்ந்த கட்டையில் புதுச் சக்கரம் கடைந்து கொடுத்தார். துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டை அச்சாகப் போட்டோம். சந்தில் நுழைய முடியாத தடிமனுக்குக் கயிறு வாங்கினோம். அச்சுக்கு எண்ணெய் விடாமல் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார் தாத்தா. எண்ணெயில் மணல் ஒட்டுமாம். பருமலைப் பாய்மரத்தோடு பிணைக்கும் கயிற்றில் பழைய பிளாஸ்டிக் பைப்பைத் துண்டுகளாக வெட்டி மணி போலக் கோத்தோம், உரசாமல் உருள்வதற்கு. பிறகு தராசு 14 கிலோ காட்டியது.

நிலையான கப்பி நம் பலத்தைக் கூட்டாது, இழுக்கும் திசையைத்தான் மாற்றும் என்று அறிவியலில் படித்திருக்கிறோம். 12 கிலோவுக்கு 12 கிலோ. மிச்சமெல்லாம் உராய்வு. ஏற்றும்போது அந்த உராய்வை வெல்ல இரண்டு ஆள் சேர்ந்து இழுக்கலாம். இறக்கும்போது நாம் கயிற்றைத் தள்ள முடியுமா? பாயின் எடை மட்டும்தான் அதைக் கீழே இழுக்க வேண்டும். அதனால்தான் பல மாதமாக "கொஞ்சம் கனக்குது" என்று சொல்லிக்கொண்டே ஏற்றிய பாய், அவசரத்துக்கு இறங்கவில்லை. ஏறும்போது கனத்த கயிறு, இறங்கும்போது சிக்கும் என்பதற்கு முன்னெச்சரிக்கை!

கரிகாலனின் முன்னோர் காற்றை ஏவல் கொண்டு கப்பல் ஓட்டியதாக வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றின் 66-ஆம் பாடலில் சொல்கிறார். காற்றை ஏவல் கொள்வது என்றால் பாயை விரிப்பது மட்டுமல்ல, வேண்டாதபோது சுருட்டுவதும்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இப்போது தாத்தா கடலுக்குப் போகும் முன் கரையிலேயே பாயை ஒருமுறை ஏற்றி, கையை விட்டுவிடுவார். தானாக இறங்கினால்தான் படகைத் தள்ளுவார். அம்மாவும் அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவார்.

நண்பர்களே, நம் பள்ளிக் கொடிக்கம்பத்தின் உச்சியிலும் இதே கப்பி வேலைதான். ஆகஸ்ட் 15 வருவதற்குள் ஒருநாள் கயிற்றை ஏற்றியும் இறக்கியும் பார்த்துவிடுவோமா? சாரணர் அண்ணன்மார்களே, மெழுகுவர்த்தி நான் கொண்டு வருகிறேன்!



9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி