வரி புரியல, சத்தம் புரிஞ்சது

ப்ளஸ் டூ வரைக்கும் நான் தமிழ் மீடியம். ஹாஸ்டல்ல ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் சென்னைப் பசங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல லேப்டாப்ல பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், பில் காலின்ஸ்னு ஓடும். பாட்டு ஆரம்பிச்ச அஞ்சு செகண்ட்ல யார் பாடினது, எந்த வருஷம்னு ரெண்டு பேரும் போட்டி போட்டுச் சொல்லுவாங்க. எனக்கு ஒரு வரியும் பிடிபடாது. "உனக்கு போர் அடிக்கும்ல மச்சான், ஹெட்போன் போட்டுக்கவா?"ன்னு அக்கறையாத்தான் கேப்பாங்க. அந்த அக்கறைதான் கடுப்பு.

மூணாவது செமஸ்டர்ல எனக்கு ஒரு வழி கிடைச்சுது. அதுவும் சர்க்யூட்ஸ் லேப்ல! டயோடு கிளிப்பர் எக்ஸ்பெரிமென்ட் ஞாபகம் இருக்கா? உள்ளே போற சைன் வேவோட தலையும் காலும் வெட்டுப்பட்டு, கிட்டத்தட்ட ஸ்கொயர் வேவா வெளிய வரும். ஆடியோ ஆம்ப்ளிஃபயர்ல இது நடந்தா அதுக்குப் பேர் டிஸ்டார்ஷன், அதாவது கோளாறு. அந்த வாரம்தான் படிச்சேன், ரோலிங் ஸ்டோன்ஸோட 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டு ஆரம்பத்துல தகரத்தைக் கிழிக்கிற மாதிரி வர்ற கிட்டார் இதே கோளாறுதான்னு.

கதை நாஷ்வில்ல தொடங்குது. மார்ட்டி ராபின்ஸ்னு ஒரு கன்ட்ரி பாடகரோட 'டோன்ட் வொர்ரி' பாட்டு, 1961-ல வெளியானது. ரெக்கார்டிங் அப்போ மிக்ஸிங் கன்சோல்ல ஒரு சேனல் கெட்டுப்போச்சு. கிரேடி மார்ட்டின் வாசிச்ச பேஸ் கிட்டார், வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி கர்ர்னு பதிவாச்சு. அழிச்சுட்டு மறுபடி எடுத்திருக்கலாம். அப்படியே விட்டுட்டாங்க, பாட்டு ஹிட். அந்த ரெக்கார்டிங் இன்ஜினியர் கிளென் ஸ்னாடி, அதே கெட்ட சத்தத்தை வேணும்னே உண்டாக்க டிரான்சிஸ்டர் வெச்சு ஒரு சர்க்யூட் பண்ணினார். 1962-ல கிப்சன் கம்பெனி அதைக் காலால அமுக்குற ஒரு சின்ன பெட்டியா வித்தது. பேரு மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன். பெருசா யாரும் வாங்கல. 1965-ல கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்'ல அதை உபயோகிச்சார். அதுவும் தற்காலிகமாத்தான், அந்த இடத்துல டிரம்பெட், சாக்ஸஃபோன் மாதிரி வாத்தியம் வரணும்னுதான் அவர் நெனச்சிருந்தார். பாட்டு அமெரிக்காவுல நம்பர் ஒன். கடைகள்ல தூங்கிக்கிட்டிருந்த பெட்டி எல்லாம் வித்துத் தீர்ந்துச்சு.

1964-லயே லண்டன்ல கிங்க்ஸ் குழுவோட டேவ் டேவிஸ் இன்னும் சிம்பிளா வேலையை முடிச்சிருந்தார்: ஸ்பீக்கர் கோனை பிளேடால கிழிச்சுட்டார். 'யூ ரியலி காட் மீ' அப்படி வந்ததுதான். (ஹாஸ்டல் ஸ்பீக்கர்ல முயற்சி பண்ணாதீங்க மக்களே, வார்டன் ரசிக்க மாட்டார்.)

அதுக்கப்புறம் போர்வைக்குள்ள இருந்துகிட்டே நான் வேற மாதிரி கேக்க ஆரம்பிச்சேன். வரி என்னன்னு தேடுறதை விட்டுட்டு, இந்தச் சத்தத்தை எப்படிப் பண்ணியிருப்பாங்கன்னு. பில் காலின்ஸோட 'இன் தி ஏர் டுநைட்' அப்படித்தான் மாட்டுச்சு. 1981-ல வந்தது. மூணரை நிமிஷத்துக்கும் மேல ஒரு டிரம் மெஷின் டொக்கு டொக்குன்னு போகும். உண்மையைச் சொன்னா அது வரைக்கும் எனக்கு இழுவைதான். அப்புறம் வரும் பாருங்க டிரம்ஸ்! ரூம் முழுக்க இடி விழுந்து, அந்த இடியை யாரோ கத்தரிக்கோலால வெட்டின மாதிரி.

அந்த வெட்டுதான் விஷயம். 1979-ல லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவுல பீட்டர் கேப்ரியலோட ஆல்பத்துக்கு காலின்ஸ் டிரம்ஸ் வாசிச்சுக்கிட்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் ஹ்யூ பாட்ஜம். வாசிக்கிறவங்க பேசுறது கேக்கணுமேன்னு ரூம் மேல ஒரு மைக் தொங்கும். பாட்டு பதிய இல்ல, பேச மட்டும். யார் எந்த மூலையில நின்னு முணுமுணுத்தாலும் கேக்கணும்கிறதால அதுல பயங்கரமான கம்ப்ரசர் இருக்கும்: சின்ன சத்தத்தைத் தூக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும். காலின்ஸ் அடிச்சுக்கிட்டிருக்கும்போதே பாட்ஜம் அந்த மைக்கைத் திறந்துட்டார். ரூமோட எதிரொலி எல்லாம் பூதாகரமா வந்து விழுந்துச்சு. பேச்சு மைக்கைப் பதிவு பண்ண கன்சோல்ல வழியே கிடையாது, வயரிங்கையே மாத்தினாங்க. கூடவே நாய்ஸ் கேட். சத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினா பட்டுன்னு கதவைச் சாத்துற சர்க்யூட். எதிரொலி மெல்ல மெல்லத் தேயுறதுதானே இயற்கை? எந்தக் கல்யாண மண்டபத்துலயும் அது பாதியில நிக்காது. இதுல நிக்கும். 1980-ல வந்த கேப்ரியல் ஆல்பத்தோட முதல் பாட்டு 'இன்ட்ரூடர்'ல இதைக் கேக்கலாம். அதுக்கப்புறம் எண்பதுகள் முழுக்க எல்லாரும் இதையே அடிச்சுத் தள்ளினாங்க.

இந்தப் பாட்டைப் பத்தி ரூம்மேட் ஒரு கதை சொல்லுவான். தண்ணியில மூழ்கிக்கிட்டிருந்த ஒருத்தனைக் காப்பாத்தாம வேடிக்கை பாத்தவனைப் பத்தி காலின்ஸ் எழுதினதுன்னு. லைட்டை அணைச்சுட்டுத்தான் சொல்லுவான். "அதெல்லாம் டூப்பு மச்சான், டைவர்ஸ் ஆன கோபத்துல எழுதினதுன்னு அவரே சொல்லியிருக்காரு. நீ பாட்டை ரிவைண்ட் பண்ணு, அந்த டிரம்ஸ் எப்படி வந்துச்சுன்னு நான் சொல்றேன்"னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "யார்றா உனக்கு இதெல்லாம் சொன்னது?"ன்னு கேட்டுட்டு, ரிவைண்ட் பண்ணினான். அன்னைக்கு விடியக்காலை மூணு மணி வரைக்கும் தூங்கல.

இப்போ எங்க ரூம்ல பாடினவர் பேரு சொன்னா ஒரு மார்க், கன்சோல் பின்னாடி இருந்தவர் பேரு சொன்னா மூணு மார்க். மத்த குவிஸ்கள்ல பாட்ஜம், ஸ்னாடி பேரை யாரும் கேக்கறதில்ல. எனக்கு அது அநியாயமாத்தான் படுது.

மூணு மார்க் கேள்வியில எனக்குப் பிடிச்சவர் ஆண்டி ஹில்டிபிரான்ட். எண்ணெய் தேடுற துறையில இருந்தவர். நிலத்துக்குள்ள அதிர்வை அனுப்பி, திரும்பி வர்ற அலையைப் படிச்சு அடியில என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கிற வேலை. அங்க பழகின கணக்கு ஆட்டோகோரிலேஷன்: ஒரு சிக்னலைக் கொஞ்சம் தள்ளி அது மேலயே வெச்சுப் பாக்குறது. எவ்வளவு தள்ளினா நல்லாப் பொருந்துதோ அதுதான் அதோட பீரியட். பீரியட் தெரிஞ்சா சுருதி தெரிஞ்சுது. தப்பா இருந்தா பக்கத்து ஸ்வரத்துக்கு நகர்த்திடலாம். 1997-ல வந்த ஆட்டோ-டியூன் சாஃப்ட்வேர் இதுதான். எவ்வளவு வேகமா நகர்த்தணும்னு அதுல ஒரு செட்டிங் உண்டு. மெதுவா வெச்சா திருத்தினதே தெரியாது. பூஜ்யத்துல வெச்சா குரல் படிக்கட்டு ஏறுற மாதிரி தாவும். 1998-ல 'பிலீவ்' பாட்டுக்கு செர்ரோட தயாரிப்பாளர்கள் அதைத்தான் பண்ணினாங்க. அப்போ அவங்களுக்கு வயசு 52. ரெக்கார்ட் கம்பெனி அந்த எஃபெக்ட்டை எடுக்கச் சொல்லுச்சு, செர் முடியவே முடியாதுன்னுட்டாங்க. எப்படிப் பண்ணினீங்கன்னு ஒரு ஆடியோ பத்திரிகை கேட்டதுக்கு, தயாரிப்பாளர்கள் வேற ஏதோ ஒரு கருவி பேரைச் சொல்லி சமாளிச்சுட்டாங்க. தொழில் ரகசியமாம்!

ஈசிஇ ஜூனியர்ஸ், டிஎஸ்பி லேப்ல ஆட்டோகோரிலேஷன் வரும்போது சைன் வேவ் மட்டும் போட்டு முடிச்சுடாதீங்க. 'ஆ'ன்னு ஒரு செகண்ட் இழுத்து, உங்க குரலையே போட்டுப் பாருங்க. எனக்கு 118 ஹெர்ட்ஸ்ல அழகா ஒரு பீக் வந்துச்சு. ரூம்மேட் பாடினதுக்கு வந்த கிராஃபையும் இங்க போடலாம்னு இருந்தேன், அவன் பர்மிஷன் தரல.