எட்டு விநாடிக்கு ஒரு கவசம்

துள்ளும் காளையின் மீது ஒரு கைப்பிடியில் எட்டு விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். அமெரிக்க ரோடியோ விதி இது. 1989 ஜூலையில், வயோமிங் மாநிலத்தின் செயென் நகரில் லேன் ஃப்ராஸ்ட் அதைச் சாதித்துவிட்டுத்தான் இறங்கினார். காளை முட்டியதில் விலா எலும்புகள் முறிந்து இறந்தார். வயது 25.

அவரது நண்பரும் சக வீரருமான கோடி லாம்பர்ட், குதிரைப் பந்தய ஜாக்கிகளின் கவசத்தைப் பார்த்து, காளைச் சவாரிக்கென மார்புக் கவசம் உருவாக்கினார். பிபிஆர் அமைப்பின் போட்டிகளில் அது எல்லோருக்கும் கட்டாயம். ஹெல்மெட்டோ இளைய தலைமுறைக்கு மட்டும்தான். மூத்தவர்கள் கௌபாய் தொப்பியோடு ஏறலாம், மானப் பிரச்னை!

2019 ஜனவரியில் டென்வரில், கவசம் அணிந்திருந்த மேசன் லோவின் மார்பைக் காளை மிதித்தது. அவருக்கும் வயது 25. கவசம் அடியின் வேகத்தைத் தணிக்கும்; காளையின் எடையைக் குறைக்காது.