கோப்பெங் சாலையில்

ஈப்போவிலிருந்து தெற்கே கோப்பெங் நோக்கிச் செல்கையில், ஈயம் தோண்டிய பள்ளங்கள் குளங்களாகித் ததும்புவதையும், சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்பதையும் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, மனமோ, 1937-ஆம் வருஷம், அதாவது இந்திய சர்க்கார் கங்காணிமார் ஆள் கொண்டுபோவதைத் தடை செய்வதற்கு ஓராண்டு முன்னர், நாகப்பட்டினத்தில் கப்பலேறி இவ்வூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு ரப்பர்ப் பால் வெட்ட வந்த என் பாட்டனாரின் தமையனாரிடமே சஞ்சரித்துக்கொண்டிருந்தது. ஜப்பானியர் வந்த பின் அவரிடமிருந்து கடிதம் இல்லை. சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழரில் அவரும் ஒருவரோ என்று பாட்டனார் தம் அந்திம காலம்வரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில், கட்டி முடிக்கப்பெறாத கெல்லி மாளிகை நிற்கிறது. ஸ்காட்லாந்தில் கெல்லாஸ் என்னும் சிற்றூரிலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், இங்கே ரப்பர் பயிரிட்டபோது தம் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்றே நாமகரணம் செய்தார். அவரும் பரதேசம் வந்தவரே. பிறந்த மண்ணின்மீது அவர் வைத்த பிரியத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும், 1926-இல் லிஸ்பன் நகரில் அவர் காலமானபோது அவருடைய ஊர்ப்பெயர் இம்மண்ணில் பத்திரமாயிருந்தது. மாளிகையை எழுப்பிய தமிழ்த் தொழிலாளரின் ஊர்ப்பெயர்களோ எந்தத் தோட்டத்துக்கும் சூட்டப்படவில்லை. அவர்களால் ஸ்தாபிக்க முடிந்தது மாரியம்மனை மட்டுமே. முதல் உலக யுத்தத்தின் முடிவில் பரவிய விஷக்காய்ச்சலில் ஆட்கள் மாண்டபோது, அவர்கள் வேண்டிக்கொள்ளத் துரையும் இசைந்து உண்டான கோயில் சற்றுத் தொலைவில் இருக்கிறது. அதன் மேல், தெய்வ உருவங்களுக்கிடையே தொப்பியணிந்த துரையின் சுதையுருவமும் நிற்கிறது.

கோயில் வாசலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த மூதாட்டியார், விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, பால் வெட்டி, ஒட்டுப்பால் உரித்தே மூப்படைந்தவர்; 1969-க்குப் பிறகு குடியுரிமையில்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலைப் பெர்மிட் கிடைக்காமல் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறியதையும், பின்னர் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்ததையும், லயங்கள் இடிபட்டதையும் கண்ணாரக் கண்டவர்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“நாமக்கல் பக்கம், அம்மா.”

பூத்தொடுத்த கை நின்றது. “எங்க தாத்தாவும் அந்தப் பக்கந்தான். ஊர்ப்பேரு மறந்துபோச்சு. பட்டின்னு முடியும்.”

அவர் முகத்தையே பார்த்தபடி, எனக்குத் தெரிந்த பட்டிகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.